பக்கத்து ஸீட்டே கிடையாது!

டாடா நானோ ஞாபகம் இருக்கிறதா? 2009-ல் வந்து 2018-ல் விடைபெற்ற குட்டிக் கார். எடை சுமார் 600 கிலோ. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள், கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் பாட்டி... எல்லோரும் போகலாம். 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று உலகமே பேசியது.

இப்போது இன்னொரு காரைப் பாருங்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துத் தயாரிப்பு. பெயர் பிஏசி மோனோ. 2011-ல் அறிமுகமானபோது அதன் எடை 540 கிலோ. நானோவைவிட 60 கிலோ குறைச்சல்! கூரை கிடையாது. முன்பக்கக் கண்ணாடி கிடையாது. கதவு கிடையாது, தாண்டித்தான் உள்ளே இறங்கணும். ஹெல்மெட் வைக்க ஒரு சின்ன இடம், அதுதான் டிக்கி. ஸீட் ஒன்றே ஒன்று, நட்ட நடுவில். சட்டப்படி ரோட்டில் ஓட்டலாம், நம்பர் பிளேட் உண்டு. அப்போது விலை சுமார் 80 ஆயிரம் பவுண்ட். வரி தனி.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? நானோவை எடைக்குப் போட்டால் கிலோ 167 ரூபாய். மோனோவை 2011-ம் வருஷத்து மாற்று விகிதத்தில் ரூபாயாக்கினால் ஏறக்குறைய 60 லட்சம். கிலோ 11 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! நானோ வாங்குகிறவர் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துப் பணம் கொடுத்தார். மோனோ வாங்குகிறவர் என்னென்ன இல்லை என்பதற்குக் கொடுக்கிறார்.

நம்ம ஊர் ஷோரூமில் இதை நிறுத்தினால் என்ன ஆகும்? "என்ன மைலேஜ் தரும்?" என்பது முதல் கேள்வி. ரெண்டாவது கேள்விக்குப் போவதற்குள் கூட வந்த வீட்டுக்காரம்மா, "அப்ப நான் எங்கே உட்கார்றது?" என்று கேட்டுவிடுவார். அதோடு வியாபாரம் முடிந்தது.

ஆனால், இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குப் பின்னால் ஒரு சுத்தமான தர்க்கம் இருக்கிறது. லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய காலின் சாப்மன் காலத்திலிருந்தே இங்கிலாந்தில் ஒரு கூட்டம் இதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறது. எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் முக்கியமாக நேர் ரோட்டில்தான் லாபம். எடையைக் குறைத்தால் கிளம்பும்போது லாபம், பிரேக் அடிக்கும்போது லாபம், வளைவில் திரும்பும்போது லாபம். டயர் விஷயத்தில் இன்னும் ஒரு சூட்சுமம். டயர் மேல் பாரம் ரெண்டு மடங்கானால் ரோட்டைப் பிடிக்கும் சக்தியும் ரெண்டு மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும். ஆகாது, அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால், அதே டயரைப் போட்டாலும் கனமான கார் வளைவில் திணறும், லேசான கார் ஒட்டிக்கொண்டு போகும்.

2013-ல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் இதற்கு ஒரு நிரூபணம் கிடைத்தது. இத்தாலியின் பகானி ஹுவைரா என்ற கோடீஸ்வரக் கார், 700-க்கு மேல் குதிரைசக்தி, அவர்களுடைய டிராக்கை 1 நிமிடம் 13.8 விநாடியில் சுற்றியது. அதே வருஷம் மோனோவும் சுற்றியது. வெறும் 280 குதிரைசக்தி. நேரம்? 1 நிமிடம் 14.3 விநாடி. அரை விநாடிதான் வித்தியாசம். குதிரைகளில் பாதிகூட இல்லை!

அந்த 280 குதிரைகளும் ஏதோ தேவலோகத்துக் குதிரைகள் இல்லை. ஃபோர்டு கம்பெனியின் குடும்பக் கார்களில் இருந்த எஞ்சின் வகையை காஸ்வொர்த் நிறுவனம் முறுக்கேற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான். இந்த வித்தையை நம்ம கோயம்புத்தூரில் முன்பே ஒருவர் ரேஸ் டிராக்குக்காகச் செய்து காட்டினார். எஸ்.கரிவரதன். மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒரே ஸீட் உள்ள ரேஸ் காரில் வைத்து, 'ஃபார்முலா மாருதி' என்று ஓடவிட்டார். நரேன் கார்த்திகேயனின் முதல் ரேஸ் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில்தான். அவர் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். ஆறு பேரையும் அரிசி மூட்டையையும் இழுத்த அதே எஞ்சின், ஒருத்தரை மட்டும் ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பது நமக்குப் புது விஷயம் இல்லை.

சரி, மோனோவுக்கு வருவோம். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இதன் சொந்தக்காரர்கள் சில நூறைத் தாண்ட மாட்டார்கள். ஆனால், ஓட்டிப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். எல்லாம் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு! 'டிரைவ்கிளப்', 'புராஜெக்ட் கார்ஸ்', 'ஃபோர்ஸா ஹொரைசன்', 'கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்' என்று பெரிய ரேஸிங் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் மோனோ இருக்கிறது. ஒரு குட்டிக் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. போஸ்டரில் பார்த்து ஆசைப்பட்டது ஒரு தலைமுறை. இவர்கள் ஓட்டிப் பார்த்து ஆசைப்படுகிறார்கள்.

அப்படியானால் அவர்கள் ஓட்டியது மோனோவைத்தானா? என் சந்தேகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டி.வி. திரைக்கென்றே செய்த கார் ஒன்று உண்டென்றால் அது மோனோதான். மற்ற கார்களில் டிரைவர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார். விளையாட்டில் டிரைவர் பார்வைக்குப் போனால் ஸ்டியரிங் திரையின் நடுவில் வந்துவிடும், காரின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். மோனோவில் அந்த வம்பே இல்லை. காரின் நடுவில் நீங்கள், திரையின் நடுவில் உங்கள் கண். முன் சக்கரங்கள் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, தராசுத் தட்டு மாதிரி. எந்தச் சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தொடுகிறது என்பது உடனே தெரியும். (நடு ஸீட்டில் கம்பெனிக்கும் ஒரு சௌகரியம். இடது பக்க ஸ்டியரிங் நாட்டுக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று ரெண்டு விதமாகச் செய்ய வேண்டியதில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள்!)

காரின் குணமும் ஓரளவு சரியாகவே வருகிறது. 'கிரான் டுரிஸ்மோ'வில் ஒரு கனமான காரில் நாலு சுற்றுப் போய்விட்டு மோனோவுக்கு மாறினால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். பிரேக்கை இன்னும் தள்ளி அடிக்கலாம். 'திரும்பு' என்று நினைப்பதற்குள் திரும்பிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை வளைவின் நடுவில் பட்டென்று விட்டால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கிறது. எடை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்ற கணக்கை ஒரு பத்து வயசுப் பையனுக்கு பிசிக்ஸ் வாத்தியார் ஒரு வருஷத்தில் சொல்லிக் கொடுப்பதை இந்த விளையாட்டு ஒரு சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்துவிடும். கிண்டல் இல்லை, நிஜமாகவே பாராட்டுகிறேன்.

குறை எங்கே? வீடியோ கேமில் எல்லாக் காரும் ஒரே ஸீட் கார்தான்!

யோசித்துப் பாருங்கள். விளையாட்டில் ஒரு எட்டு ஸீட் வேனை ஓட்டினாலும் உள்ளே நீங்கள் மட்டும்தான். பக்கத்தில் மனைவி இல்லை, பின்னால் 'இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?' என்று கேட்கும் குழந்தை இல்லை, டிக்கியில் பெட்டி இல்லை. எல்லாக் காரும் ஏற்கெனவே காலி. அப்புறம் மோனோவில் என்ன விசேஷம் மிச்சம்? நிஜத்தில் அதை வாங்குகிறவர் ஒரு முடிவு எடுக்கிறார். யாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன், மழை வந்தால் நனைவேன், பாட்டு கேட்க மாட்டேன், ஏ.சி. வேண்டாம். இத்தனையையும் விட்டுக் கொடுத்துத்தான் அந்த 540 கிலோவை அடைகிறார். விளையாட்டில் விட்டுக் கொடுக்க ஒன்றுமே இல்லை. மோனோவும் மெர்சிடிஸும் அடுத்தடுத்த பட்டன்கள். பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் 'ராக்கெட்' என்ற காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபார்முலா ஒன் உலகில் பெரிய பெயரெடுத்த டிசைனர் கார்டன் முர்ரே, 1990-களின் தொடக்கத்தில் லைட் கார் கம்பெனிக்காக வடிவமைத்தது. யமஹா மோட்டார் சைக்கிள் எஞ்சின், எடை 400 கிலோவுக்கும் குறைவு. 1960-களின் ரேஸ் கார் மாதிரி சுருட்டு வடிவம். பார்த்தால் ஒற்றை ஸீட். ஆனால், டிரைவருக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இன்னொருவர் முட்டி மடக்கி உட்கார்ந்துகொள்ளலாம். எவ்வளவு மனிதத்தனமான ஏற்பாடு பாருங்கள்! எடை விஷயத்தில் அவ்வளவு கறாரான மனுஷர், ஒரு துணைக்கு மட்டும் இடம் ஒளித்து வைத்திருக்கிறார். இந்த ராக்கெட்டும் 'கிரான் டுரிஸ்மோ'வில் வந்தது. அங்கே அந்த மூடியைக் கழற்ற யாருக்கு என்ன அவசியம்? ஏறுவதற்கு ஆள் வேண்டாமா?

'ஃபோர்ஸா' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் எடைக் குறைப்பு என்பது கடையில் கிடைக்கும் சாமான். ரேஸில் ஜெயித்த பணத்தைக் கட்டினால் காரின் எடை மூன்று கட்டமாகக் குறையும். எதைக் கழற்றினார்கள், யாருக்கு என்ன அசௌகரியம் என்ற பேச்சே இல்லை. எண் குறைகிறது, வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். லிவர்பூல்காரர்கள் கிராம் கிராமாகச் சண்டை போடுகிறார்கள். 2019-ல் வந்த மோனோ ஆர் மாடலில் பாடி முழுக்க கார்பன் இழையோடு கிராஃபீன் என்ற பொருளையும் சேர்த்து, எடையை 555 கிலோவில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாடல் 580 கிலோ. மூன்று வருஷத்துக்கு மேல் ஆன மாடலை மாற்றி, புது எஞ்சின் வைத்து, புதுப் பொருள் தேடி, 25 கிலோ! 'ஃபோர்ஸா'வில் இதைவிடப் பெரிய வித்தை ஒரு பட்டனில் நடக்கிறது. ஒரு கலைஞனின் வாழ்நாள் உழைப்பை ரெடிமேட் கடையில் தள்ளுபடியில் விற்பது போல இருக்கிறது எனக்கு.

அதைவிட முக்கியமான விஷயம் உடம்பு. ஓட்டுகிறவர் 75 கிலோ என்று வையுங்கள். 1,500 கிலோ காரில் அவர் இருபதில் ஒரு பங்கு. காருக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை. மோனோவில் அவர் ஏழில் ஒரு பங்கு! தீபாவளிப் பலகாரத்தில் அஞ்சு கிலோ ஏறினால் அது காரின் குணத்தில் தெரியும். அதனால்தான் வாங்குகிறவரின் உடம்புக்கு அளவெடுத்து ஸீட் செய்கிறார்கள். தையல்காரர் மாதிரி. ஸ்டியரிங்கின் பிடியைக்கூடக் கைக்கு ஏற்ற மாதிரி வார்த்துத் தருகிறார்கள். கண்ணாடி இல்லாததால் காற்று நேராக நெஞ்சில் மோதும். ரோட்டில் தெறிக்கும் சின்னக் கல் ஹெல்மெட்டில் அடிக்கும். வளைவில் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். இது எதுவுமே சோபாவுக்கு வராது. 'டிரைவ்கிளப்' மழைக் காட்சிகளுக்குப் பேர் போனது. 2014 டிசம்பரில் மழையைச் சேர்த்தபோது, கண்ணாடியில் துளிகள் ஓடும் அழகைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். ஆனால், கண்ணாடியே இல்லாத மோனோவுக்கு மழை என்பது அழகு இல்லையே, அவஸ்தை அல்லவா?

உடம்பைக் கழித்துவிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2010-ல் 'கிரான் டுரிஸ்மோ 5'-க்காக ரெட் புல் டீமின் ஏட்ரியன் நியூவி ஒரு காருக்கு யோசனை சொன்னார். விதிமுறை எதுவும் இல்லை என்றால் உலகிலேயே வேகமான கார் எப்படி இருக்கும்? விடை, ரெட் புல் எக்ஸ்2010. ஒற்றை ஸீட், மேலே விமானத்து மாதிரி மூடி, 1,400-க்கு மேல் குதிரைசக்தி, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்க ஒரு மின்விசிறி. விசிறி யோசனை புதுசு இல்லை. அதே கார்டன் முர்ரே 1978-ல் பிரபாம் காரில் வைத்தது. ஸ்வீடன் ரேஸில் நிக்கி லாவ்டா ஓட்டி ஜெயித்தார், எதிர் டீம்கள் கூச்சல் போட்டன, அந்தக் கார் மறுபடி ரேஸுக்கு வரவில்லை.

எக்ஸ்2010 விளையாட்டுக்குள் ஒரு ராட்சசன். ஆனால், ஓட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம். பத்து நிமிஷத்தில் போரடிக்கிறது! வளைவு வருகிறது, திருப்பினால் திரும்புகிறது. எந்த வேகத்திலும் திரும்புகிறது. நிஜத்தில் அந்த வேகத்தில் மனுஷன் கழுத்து தாங்காது, கண் இருட்டும். விளையாட்டில் தாங்க வேண்டிய கழுத்து இல்லை. ஃபார்முலா ஒன் காரை சாதாரண மனுஷன் தொட்டுப் பார்க்கிற மாதிரி சுருக்கியதால்தான் மோனோவில் சுவாரஸ்யம். எக்ஸ்2010-ல் மனுஷனே தேவையில்லை.

"சரி சார், விளையாட்டுதானே... பயம் இல்லாம ஜாலியா ஓட்டத்தானே விளையாடறோம்?" என்று என் நண்பரின் மகன் கேட்டான். கல்லூரி மாணவன், இந்த விஷயத்தில் எனக்குக் குரு. நியாயமான கேள்வி. பயம் இல்லாததால்தான் அவன் ஒரே வளைவை இருபது தடவை முயற்சி செய்து கற்றுக்கொள்கிறான். 2008-ல் 'கிரிட்' என்ற விளையாட்டில் வந்த வசதி, அப்புறம் 'ஃபோர்ஸா'விலும் வந்தது. மோதிவிட்டால் ஒரு பட்டன், காலம் பின்னால் போகும், மோதல் நடக்கவே இல்லை. கற்றுக்கொள்ள நல்ல வசதிதான். இதைக் குறை சொன்னால் நான் கிழவன்.

ஆனால், அந்தப் பட்டன் விளையாட்டைத் தாண்டி வெளியே வந்ததை நான் பார்த்தேன். 2023-ல் வந்த 'கிரான் டுரிஸ்மோ' திரைப்படம். வீடியோ கேமில் ஜெயித்து நிஜ ரேஸ் டிரைவரான ஜான் மார்டன்பரோவின் கதை. நடந்த கதை. நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து நடத்திய 'ஜிடி அகாடமி'யில் 2011-ல் தேர்வானவர். விளையாட்டில் கற்றது வீண் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. 2013-ல் லீ மான் 24 மணி நேரப் போட்டியில் அவர் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.

2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் ஒரு மேட்டில் ஏறும்போது அவருடைய காரின் மூக்கைக் காற்று தூக்கியது. மோனோ மாதிரிக் குட்டிக் கார்கூட இல்லை, ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள, கூரை போட்ட நிஸான் ரேஸ் கார். அது காகிதம் மாதிரி மேலே போய், வேலியைத் தாண்டி விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இறந்துபோனார்.

படம் என்ன செய்தது? 2015-ல் நடந்த அந்த விபத்தை லீ மான் போட்டிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது. ஹீரோ உடைந்துபோகிறார், குரு தேற்றுகிறார், லீ மானில் மீண்டு வந்து மூன்றாம் இடம் பிடிக்கிறார், கைதட்டல். ஒரு நிஜ மனிதரின் சாவு, கிளைமாக்ஸுக்கு ஏணி! 'மார்டன்பரோவின் வாழ்க்கையில் அது முக்கியமான சம்பவம், காட்டாமல் விட்டால்தான் தப்பு' என்று சொன்னார்கள். காட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இடம் மாற்றியதில்தான். காலத்தைப் பின்னால் தள்ளும் பட்டனை இந்தப் படம் எவ்வளவு கூச்சமில்லாமல் அழுத்துகிறது! ரேஸ் காட்சிகளைப் பிரமாதமாக எடுத்திருக்கிறார்கள், டிரோன் எல்லாம் பறக்கிறது. அந்த ஒரு காட்சி வந்த பிறகு என்னால் படத்தோடு ஒட்ட முடியவில்லை.

நண்பரின் மகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "ரீவைண்டை ஆஃப் பண்ணிட்டு ஓட்டலாம் சார், செட்டிங்ஸ்ல இருக்கு" என்றான். ஆஃப் செய்தான். காரை மோனோவுக்கு மாற்றினான். கேமராவை டிரைவர் பார்வைக்குக் கொண்டுபோனான். முதல் சுற்று வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. ரெண்டாவது சுற்றில் ஒரு வளைவில் பிரேக்கைச் சீக்கிரமே அடித்தான். அந்தக் காருக்குக் கொடுத்த முதல் மரியாதை என்று அதை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் பார்த்த வரைக்கும் மோனோவை ரசனையோடு கையாண்டது 'டிரைவ்கிளப்'தான். கடை கண்ணி, எடைக் குறைப்பு வியாபாரம் எதுவும் கிடையாது. ரீவைண்டும் கிடையாது. ஒரு கார், ஒரு மலை ரோடு, கடிகாரம். அதைச் செய்த எவல்யூஷன் ஸ்டுடியோஸ் இருந்தது ரன்கார்ன் என்ற ஊரில். மோனோ பிறந்த லிவர்பூலுக்குப் பக்கத்து ஊர்தான், நடுவில் மெர்ஸி ஆறு. 2016-ல் அந்த ஸ்டுடியோவை சோனி மூடிவிட்டது. 2019-ல் விளையாட்டை ஆன்லைன் கடையிலிருந்து எடுத்தார்கள், 2020 மார்ச்சில் சர்வரை அணைத்தார்கள். 'புராஜெக்ட் கார்ஸ்' கதையும் அதேதான். கார் கம்பெனிகளோடு போட்ட லைசென்ஸ் காலாவதியானதால் 2022-ல் கடையை விட்டே போனது. 2024 டிசம்பரில் 'ஃபோர்ஸா ஹொரைசன் 4'-ம் விற்பனையிலிருந்து விலகியது.

'டிரைவ்கிளப்' டிஸ்க் கைவசம் இருந்தால் இன்னும் தனியாக ஓட்டலாம். போட்டிக்கு ஆள் வராது, பக்கத்து ஸீட்டும் கிடையாது.